பிறந்த குழந்தை அழவில்லை, மூச்சு விடவில்லை: வசதி குறைந்த பிரசவ அறைகளில் எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மின்சாரமே சரியாக இல்லாத சின்ன மருத்துவமனைகளில், பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையைக் காப்பாற்ற முடியுமா? வென்டிலேட்டரும் ஆக்சிஜனும் இல்லாமல் என்னதான் செய்ய முடியும்?"

முடியும். பெரும்பாலான குழந்தைகளை வென்டிலேட்டர், ஆக்சிஜன், மின்சாரம் எதுவும் இல்லாமலே காப்பாற்றலாம். நான் குழந்தை மருத்துவர். பல ஆண்டுகளாகப் பிரசவ அறை நர்ஸ்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 85 குழந்தைகள் யாருடைய உதவியும் இல்லாமல் தாமாகவே மூச்சு விட்டு அழும். இன்னும் பத்து குழந்தைகளுக்கு நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். மீதி ஐந்து குழந்தைகளுக்குத்தான் பையையும் மாஸ்க்கையும் வைத்துக் காற்று கொடுக்க வேண்டியிருக்கும். மார்பை அழுத்துவது, மருந்து போடுவது என்ற நிலைக்குப் போவது ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள்தான். சினிமாவில் பார்க்கிற மாதிரி ஓட்டமும் கருவிகளும் கூச்சலும் இங்கே பெரும்பாலும் தேவையே இல்லை.

ஆனால் ஐந்து என்பது சின்ன எண் இல்லை. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 13 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன. 2022இல் பிறந்து ஒரு மாதம் முடிவதற்குள் இறந்த குழந்தைகள் 23 லட்சம். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பிரசவ நேரத்து மூச்சுத்திணறலால் வந்த சாவு. இதைத் தவிர ஆண்டுக்கு 19 லட்சம் குழந்தைகள் இறந்தே பிறக்கின்றன. அவற்றில் ஐந்தில் இரண்டுக்கும் மேல் வலி எடுத்த பிறகுதான் இறக்கின்றன. வலி தொடங்கியபோது அந்தக் குழந்தைகளுக்கு இதயத்துடிப்பு இருந்தது.

குழந்தைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான் நிறைந்திருக்கும். ஆக்சிஜன் முழுவதும் தொப்புள்கொடி வழியாக நஞ்சிலிருந்து, அதாவது கருப்பையில் ஒட்டியிருக்கும் பிளசென்டாவிலிருந்து வருகிறது. வெளியே வந்து முதல் மூச்சை இழுத்ததும் காற்று அந்த நீரைத் திசுக்களுக்குள் தள்ளுகிறது. அதுவரை சுருங்கிக் கிடந்த நுரையீரல் இரத்தக்குழாய்கள் விரிகின்றன. சில நிமிடங்களில் உடம்பின் மொத்த ஓட்டமும் மாறிவிடுகிறது.

பிரசவம் இழுத்துக்கொண்டே போனாலோ, கொடி அழுந்தினாலோ, நஞ்சு முன்கூட்டியே பிரிந்தாலோ குழந்தைக்கு ஆக்சிஜன் குறைகிறது. முதலில் வேகவேகமாக மூச்சு விடப் பார்க்கும், அப்புறம் மூச்சு நிற்கும். இது முதல் நிறுத்தம். இந்தக் கட்டத்தில் துடைத்துத் தேய்த்தாலே குழந்தை மீண்டு வந்துவிடும். அதைத் தாண்டினால் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு ஏங்கும், பிறகு மறுபடியும் நின்றுவிடும். இந்த இரண்டாவது நிறுத்தத்துக்குப் பிறகு என்ன தேய்த்தாலும் தட்டினாலும் பயனில்லை. வெளியிலிருந்து யாராவது காற்றை உள்ளே தள்ளினால்தான் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஜெஃப்ரி டாஸ் என்பவரின் குழு 1960களில் குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில்தான் இந்த வரிசை தெளிவானது.

துவண்டு நீலம் பாரித்துக் கிடக்கிற குழந்தையைப் பார்த்து, அது முதல் நிறுத்தத்தில் இருக்கிறதா இரண்டாவதிலா என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கும் தெரியாது. அதனால்தான் பிறந்த முதல் நிமிடத்தைத் 'தங்க நிமிடம்' என்று சொல்லிப் பழக்குகிறோம். துடை, தேய், பார். மூச்சு வரவில்லையா, ஒரு நிமிடம் முடிவதற்குள் பையை வைத்துக் காற்றுக் கொடு. எந்த நிறுத்தமாக இருந்தாலும் இந்த வரிசை பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்த பெரியவருக்கு இதயம் முதலில் நிற்கிறது, அதனால் மார்பை அழுத்துகிறோம். பிறந்த குழந்தையின் இதயம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மூச்சு இல்லாததால் மட்டுமே அதன் வேகம் குறைகிறது. நுரையீரலுக்குள் காற்று போனதும் இதயத்துடிப்பு தானாக ஏறும். பயிற்சியில் இதை நர்ஸ்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

காற்றுக் கொடுக்க வேண்டியது ஒரு ரப்பர் அல்லது சிலிகோன் பை, அதன் முனையில் ஒரு மாஸ்க். நாம் 'ஆம்பு பை' என்று சொல்வது இதைத்தான். 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது மருத்துவ மாணவர்கள் முறை வைத்து மணிக்கணக்கில் கையால் பை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அதே டென்மார்க்கில் 1956இல் ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியாளரும் ஹென்னிங் ரூபன் என்ற மயக்கவியல் மருத்துவரும் கையை எடுத்ததும் தானே விரிந்து காற்றை இழுத்துக்கொள்ளும் பையைக் கொண்டுவந்தார்கள். சிலிண்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கரண்ட் போய்விட்டால்கூட இது நிற்காது.

"வெறும் காற்று போதுமா? ஆக்சிஜன் வேண்டாமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். இதற்கான விடையில் டெல்லிக்கு ஒரு பங்கு உண்டு. மூச்சு விடாத குழந்தைக்கு நூறு சதவீத ஆக்சிஜன்தான் கொடுக்க வேண்டும் என்று உலகம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், டெல்லியில் சித்தார்த் ராம்ஜியும் நார்வேயின் ஓலா திட்ரிக் சௌக்ஸ்டாடும் சேர்ந்து அறைக் காற்றையும் ஆக்சிஜனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த முதல் ஆய்வு 1993இல் வெளியானது. பிறகு பல நாடுகளில் 600க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்த பெரிய ஆய்வு 1998இல் வந்தது. அறைக் காற்று எந்த விதத்திலும் குறைவில்லை என்று அது காட்டியது. பின்னால் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அறைக் காற்றுக் கொடுத்த குழந்தைகளில் இறப்பு குறைவாகவே இருந்தது. 2010இல் சர்வதேச வழிகாட்டுதல் மாறியது. 2012இல் உலகச் சுகாதார நிறுவனமும் சாதாரணக் காற்றிலேயே தொடங்கச் சொல்லிவிட்டது. ஏழை நாட்டுக்காக விதியைத் தளர்த்தினார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாதம் நிறைந்த குழந்தைக்குப் பணக்கார நாட்டிலும் இன்று இதுதான் விதி. மிகவும் முன்னதாகப் பிறக்கிற குறைமாதக் குழந்தைக்கு மட்டும் கொஞ்சம் ஆக்சிஜன் தேவைப்படலாம்.

சரி, பை இருக்கிறது, காற்று இலவசம். அப்படியானால் ஏன் இன்னும் இத்தனை குழந்தைகள் இறக்கின்றன?

இதற்கு என்னுடைய அனுபவத்தையே சொல்கிறேன். நான் பயிற்சி முடித்துச் சேர்ந்த முதல் மருத்துவமனை சின்னது. ஒரு நாள் இரவு, நீண்ட வலிக்குப் பிறகு ஒரு குழந்தை துவண்டு பிறந்தது. நாங்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் சக்‌ஷன் குழாயை வாயிலும் மூக்கிலும் விட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தார். இன்னொருவர் உள்ளங்காலில் தட்டினார். நான் பையைக் கேட்டேன். பை பீரோவில் இருந்தது. பீரோ பூட்டியிருந்தது. பொருள் காணாமல் போனால் இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதால் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வந்து திறந்தபோது பெரியவர்களுக்கான மாஸ்க்தான் கிடைத்தது. குழந்தை மாஸ்க்கைத் தேடி எடுத்து வைத்துக் காற்றுக் கொடுக்க ஆரம்பித்தபோது நான்கு நிமிடம் கடந்துவிட்டது. அந்தக் குழந்தை மூன்றாம் நாள் இறந்துபோனது. எங்கள் மூவருக்கும் பாடம் தெரியும். கேட்டிருந்தால் எல்லாப் படிகளையும் மனப்பாடமாக ஒப்பித்திருப்போம்.

படித்துத் தெரிந்துகொள்வதற்கும் அந்த நிமிடத்தில் கை அதைச் செய்வதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை ஒரு மருத்துவமனை அளந்தே காட்டியது. தான்சானியாவின் வடக்கே, மான்யாரா பகுதியில் இருக்கும் ஹைடோம் லூத்தரன் மருத்துவமனை அது. நார்வே மிஷனரிகள் 1950களில் தொடங்கிய கிராமத்து மருத்துவமனை. பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் மருத்துவச்சிகள்தான்.

2010இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 'ஹெல்பிங் பேபீஸ் ப்ரீத்' என்ற பயிற்சியை வெளியிட்டது. குழந்தைகள் மூச்சுவிட உதவுவோம் என்று பொருள். எழுத்து குறைவு, படம் அதிகம். தண்ணீரோ காற்றோ நிரப்பினால் நிஜக் குழந்தை மாதிரி துவளும் ஒரு பொம்மை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் செய்ய, இன்னொருவர் பொம்மையின் கொடியில் துடிப்பையும் அழுகையையும் நடித்துக் காட்டுவார். அந்தப் பொம்மையைச் செய்தது நார்வேயின் ஸ்டாவாங்கரில் இருக்கும் லேர்டால் நிறுவனம். முன்பு விளையாட்டுப் பொம்மைகள் செய்து, 1960இல் பெரியவர்களுக்கு மூச்சுக் கொடுக்கப் பழகும் 'ரெசசி ஆன்' பொம்மையைக் கொண்டுவந்தவர்கள்.

ஹைடோமில் ஹெகே எர்ஸ்டால் என்ற நார்வே மருத்துவரின் குழு ஒவ்வொரு பிரசவத்தையும் ஒருவரை நிற்கவைத்து நேரத்தோடு குறித்துக்கொண்டது. குழந்தைக்குக் காற்றுக் கொடுக்கத் தொடங்குவதில் ஒவ்வொரு 30 வினாடி தாமதத்துக்கும், அந்தக் குழந்தை இறக்கும் அல்லது நீண்ட நாள் வார்டில் கிடக்கும் அபாயம் 16 சதவீதம் கூடியது என்று 2012இல் அவர்கள் எழுதினார்கள். எங்கள் பீரோ சாவியை நினைத்துக்கொண்டே அந்தக் கட்டுரையைப் படித்தேன்.

அடுத்து அவர்கள் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பொம்மையில் செய்யச் சொன்னபோது முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் நிஜப் பிரசவ அறையில் எந்த முன்னேற்றமும் இல்லை. இறப்பும் குறையவில்லை. 2013இல் இதை அப்படியே ஒளிக்காமல் வெளியிட்டார்கள். இந்த நேர்மைக்காகவே அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பயிற்சி கொடுத்தோம், சான்றிதழ் கொடுத்தோம், படம் எடுத்தோம் என்று முடித்துக்கொள்வதுதான் எல்லா நாட்டிலும் வழக்கம்.

பிறகு முறையை மாற்றினார்கள். பொம்மையைப் பிரசவ அறையிலேயே வைத்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை, மூன்று முதல் ஐந்து நிமிடம், வேலை நேரத்திலேயே, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து பழகவேண்டும். அவ்வளவுதான். 2015இல் வந்த முடிவின்படி, பிறந்து 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1இலிருந்து 7.2ஆகக் குறைந்தார்கள். அதோடு பை தேவைப்பட்ட குழந்தைகளும் 7.3 சதவீதத்திலிருந்து 5.9 சதவீதமாகக் குறைந்தார்கள். காரணம், உடனே துடைத்துத் தேய்க்கப் பழகியதால், முன்பு பைவரை போன குழந்தைகள் அதற்கு முன்பே அழுதுவிட்டன.

எட்டு மருத்துவமனைகளில் இந்தப் பயிற்சியைக் கொண்டுபோய்ப் பார்த்த தான்சானிய ஆய்வு 2013இல் வந்தது. முதல் 24 மணி நேர இறப்பு 47 சதவீதம் குறைந்தது. சற்று முன்புதான் இறந்ததுபோல் பிறக்கும் குழந்தைகள் 24 சதவீதம் குறைந்தார்கள். அதற்கும் பிறகு 30 மருத்துவமனைகளில், ஒவ்வொன்றிலும் ஓர் உள்ளூர் மருத்துவச்சியைப் பயிற்சிப் பொறுப்பாளராக வைத்து, வயிற்றில் இருக்கும் குழந்தையின் துடிப்பைக் காட்டும் எளிய கருவியும் தாய்க்கு வரும் இரத்தப்போக்கைச் சமாளிக்கும் பயிற்சியும் சேர்த்துத் திட்டத்தை விரித்தார்கள். 2025இல் வந்த அந்த முடிவுகளில் குழந்தைகளின் இறப்போடு தாய்மார்களின் இறப்பும் பெருமளவு குறைந்திருந்தது.

அந்த மூன்று நிமிடத்தில் அப்படி என்ன பழகுகிறார்கள் என்று கேட்கலாம். பெரும்பாலும் மாஸ்க் பிடிப்பதுதான். மாஸ்க் தாடையின் முனையில் தொடங்கி மூக்கையும் வாயையும் மூட வேண்டும், கண்ணில் பட்டுவிடக் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை அழுத்த, மற்ற விரல்கள் தாடையை மேலே தூக்க வேண்டும். தலை கொஞ்சம் மட்டும் பின்னால் சாய வேண்டும். குழந்தையின் தலை பெரியது, கழுத்து சின்னது. கூடுதலாகச் சாய்த்தாலும் மூச்சுக்குழாய் அடைபடும், தாடை மார்பில் முட்டினாலும் அடைபடும். அப்புறம் பையை நிமிடத்துக்கு நாற்பது முறை. எங்கள் பயிற்சியில் "அழுத்து, விடு, விடு" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன், தாளம் தானாக வந்துவிடும்.

பையைப் பார்க்காமல் மார்பைப் பார்க்க வேண்டும். மார்பு ஏறுகிறதா? ஏறவில்லை என்றால் காற்று ஓரத்தில் கசிகிறது. மாஸ்க்கை எடுத்து மறுபடி வை, தலையைச் சரிசெய், வாய்க்குள் ஏதாவது அடைத்திருந்தால் எடு, வாயைக் கொஞ்சம் திற, இன்னும் சற்று அழுத்திக் கொடு. புதிதாகப் பழகுகிற பத்துப் பேரில் பெரும்பாலானோர் முதல் நாளில் கசியவிடுவார்கள். பொம்மையில் கசிந்தால் சிரித்துவிட்டு மறுபடி செய்யலாம். அதற்காகத்தான் பொம்மை.

காத்மாண்டுவின் தாபாத்தலியில் இருக்கும் பரோபகார் மகப்பேறு மருத்துவமனை இதையே இன்னும் ஒழுங்காகச் செய்தது. வேலைக்கு வந்ததும் தினமும் ஒரு முறை பொம்மையில் பை அழுத்திப் பார்ப்பது, ஒவ்வொரு பிரசவத்துக்கு முன்பும் பையை எடுத்து வைப்பது, முடிந்ததும் தான் என்ன செய்தேன் என்று ஒரு தாளில் தானே குறிப்பது, வாரம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து பேசுவது. 2016இல் வந்த கணக்கில், வலி எடுத்த பிறகு இறந்து பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 9.0இலிருந்து 3.2ஆகக் குறைந்திருந்தார்கள். முதல் நாளில் இறப்பவர்கள் 5.2இலிருந்து 1.9ஆகக் குறைந்திருந்தார்கள்.

இறந்து பிறக்கும் குழந்தை எப்படிக் குறையும் என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். பிறந்த பிறகு செய்யும் வேலை பிறப்பதற்கு முன்பே நடந்த சாவை மாற்றாதே? இதில்தான் மனதை வலிக்கச் செய்கிற உண்மை இருக்கிறது. துவண்டு, வெளுத்து, மூச்சில்லாமல் பிறக்கும் குழந்தையைப் பல இடங்களில் 'இறந்து பிறந்தது' என்று எழுதி ஓரமாக வைத்துவிடுவார்கள். அந்தக் குழந்தைகளில் பலவற்றுக்கு இதயம் மெதுவாகத் துடித்துக்கொண்டிருக்கும். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 2010இல் அர்ஜென்டினா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, குவாத்தமாலா, இந்தியா, பாகிஸ்தான், ஜாம்பியா ஆகிய ஆறு நாடுகளின் கிராமங்களில் செய்த ஆய்வு வெளிவந்தது. பிரசவம் பார்ப்பவர்களுக்குப் பச்சிளம் குழந்தைப் பராமரிப்பைப் பயிற்றுவித்த பிறகு இறந்து பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 23.0இலிருந்து 15.9ஆகக் குறைந்தார்கள். உயிரோடு இருந்தும் இறந்ததாக எழுதப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த வித்தியாசமே சொல்கிறது.

வீட்டுப் பிரசவங்களுக்கு வழி காட்டியது மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. அபய் பங், ராணி பங் தம்பதியரின் 'செர்ச்' (SEARCH) அமைப்பு 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே பச்சிளம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் செய்தது. பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததை 1999இல் உலகமே கவனித்தது. மூச்சுத்திணறலுக்கு மட்டும் அவர்கள் மூன்று வழிகளைப் பார்த்தார்கள். முதலில் மருத்துவச்சி வாயோடு வாய் வைத்து ஊதுவது, அப்புறம் குழாய் பொருத்திய மாஸ்க்கில் ஊதுவது, கடைசியாகப் பை. மூச்சுத்திணறலால் வரும் இறப்பு 65 சதவீதம் குறைந்தது. பைக்கான செலவைக் கணக்குப் போட்டால், தவிர்த்த ஒவ்வொரு சாவுக்கும் 13 டாலர்.

இந்தியாவில் 2009இல் நவஜாத் சிசு சுரக்‌ஷா காரியக்ரம் என்ற பெயரில் அரசுப் பயிற்சி தொடங்கியது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்கள் பலர் அந்த இரண்டு நாள் பயிற்சியை முடித்தவர்கள்தான். பயிற்சி நல்லது. ஆனால் ஹைடோம் காட்டிய குறை இங்கேயும் பொருந்தும். இரண்டு நாள் முடிந்த பிறகு பொம்மை எங்கே போகிறது என்று பாருங்கள். பயிற்சி மையத்தில் இருந்தால் பயனில்லை, பிரசவ அறையில் இருக்க வேண்டும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அடிப்பது, முகத்தில் குளிர்ந்த தண்ணீர் தெளிப்பது, விலாவைப் பிசைவது இதெல்லாம் கெடுதல் செய்யும். கொடியை அறுக்காமல் நஞ்சைச் சூடாக்கினால் உயிர் திரும்பும் என்று இந்தியக் கிராமங்களில் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தச் சூட்டுக்காகக் காத்திருந்த நிமிடங்கள் குழந்தையுடையவை.

மருத்துவமனைக்குள்ளும் இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது: உறிஞ்சுவது. எல்லாக் குழந்தைக்கும் வாயையும் மூக்கையும் உறிஞ்சித்தான் ஆகவேண்டும் என்று நாங்கள் படித்தோம். தொண்டையில் குழாய் ஆழமாகப் பட்டால் இதயத்துடிப்பு இன்னும் குறையும், அதற்குள் நிமிடமும் போய்விடும். பனிக்குட நீர் தெளிவாக இருந்தால் உறிஞ்சவே வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2012 வழிகாட்டுதல். வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிட்ட குழந்தை துவண்டு பிறந்தால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு உறிஞ்ச வேண்டும் என்று பல காலம் சொன்னார்கள். அதையும் கேள்வி கேட்டுச் சோதித்தது புதுச்சேரி ஜிப்மர். 122 குழந்தைகளைக் கொண்ட அந்த ஆய்வு 2015இல் வந்தது. உறிஞ்சியதால் எந்த நன்மையும் தெரியவில்லை. அதே ஆண்டு சர்வதேச வழிகாட்டுதலும் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. இன்றைக்கும் சில இடங்களில் துவண்ட குழந்தையைப் பார்த்ததும் கை முதலில் சக்‌ஷன் பக்கம்தான் போகிறது.

வசதி குறைந்த இடம் என்றால் கருவி இல்லாததைத்தான் நினைக்கிறோம். அங்கே உண்மையில் குறைவாக இருப்பது கைகள். இரவுப் பணியில் ஒரே ஒரு மருத்துவச்சி. குழந்தை மூச்சு விடவில்லை, அதே நேரத்தில் தாய்க்கு இரத்தம் போகிறது. யாரைப் பார்ப்பது? இதனால்தான் குழந்தையைக் கொடி அறுத்து அறையின் மூலையில் இருக்கும் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், தாயின் வயிற்றின்மேலோ இரு கால்களுக்கு நடுவிலோ வைத்தே துடைக்கச் சொல்கிறோம். பை தாயின் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஒருவரே இருவரையும் கவனிக்கலாம். பிரசவத்துக்கு முன்பே உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஆயா அக்காவாக இருந்தாலும் சரி, தாயின் கையில் மருந்தை ஏற்றும் வரை குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அறை 25 டிகிரிக்குக் கீழே குளிரக் கூடாது. ஈரத்துணியை எடுத்துப் போட்டுவிட்டு உலர்ந்த துணியால் சுற்ற வேண்டும். நனைந்த குழந்தை சில நிமிடங்களில் சில்லிட்டுவிடும், சில்லிட்ட குழந்தை மூச்சு விடத் தடுமாறும்.

பை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. கர்நாடகத்தின் பெலகாவி (பெல்காம்) பகுதியில் இதே பயிற்சியைக் கொடுத்தபோது இறந்து பிறப்பது குறைந்தது, ஆனால் பச்சிளம் குழந்தை இறப்பு விகிதம் குறையவில்லை. காப்பாற்றிய குழந்தைக்கு அடுத்த சில நாட்களில் வலிப்பு வரலாம், பால் குடிக்க முடியாமல் போகலாம், கிருமி தொற்றலாம். மூளைக்கு நீண்ட நேரம் ஆக்சிஜன் போகாமல் பிறந்த குழந்தையின் உடம்பை 72 மணி நேரம் குளிர வைப்பது பணக்கார நாடுகளில் வழக்கமான சிகிச்சை. அதையே இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வந்தது. சென்னையும் அதில் உண்டு. குளிர வைத்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், வைக்காதவர்களில் 31 சதவீதம். ஓரிடத்தில் உயிர் காப்பது இன்னோரிடத்தில் அப்படியே செல்லும் என்று நினைத்து விலை உயர்ந்த கருவியை வாங்கி வைப்பதைப் பற்றி எனக்கு அதன்பிறகு பெரிய தயக்கம் வந்துவிட்டது.

அதனால் வேலை பிரசவ வலியிலிருந்தே தொடங்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பது, பிரசவம் எப்படிப் போகிறது என்று தாளில் குறிப்பது, நின்றுவிட்டால் சிசேரியன் வசதி உள்ள இடத்துக்கு நேரத்தோடு அனுப்புவது. இவை நடந்தால் பையைத் தொட வேண்டிய குழந்தைகளே குறைந்துவிடும். கருவியை மாற்றினால் பலன் கூடுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். முகத்தில் வைக்கும் மாஸ்க்கைவிட, தொண்டைக்குள் எளிதாக வைக்கக்கூடிய குரல்வளை மாஸ்க் நல்லதா என்று உகாண்டாவின் முலாகோ மருத்துவமனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவில் இறப்பில் வித்தியாசம் இல்லை.

எப்போது நிறுத்துவது என்பதையும் கேட்பார்கள். நன்றாகக் காற்றுக் கொடுத்தும் பத்து நிமிடம் வரை இதயத்துடிப்பே இல்லை என்றால் நிறுத்தலாம் என்று 2012 வழிகாட்டுதல் சொல்கிறது. மெதுவான துடிப்பு இருந்து, மூச்சு மட்டும் வரவே இல்லை என்றால் இருபது நிமிடம். வென்டிலேட்டர் இல்லாத இடத்துக்கான விதி இது. நிறுத்திய பிறகு குழந்தையைச் சுத்தமாகத் துடைத்து, துணியில் சுற்றி, தாய் கேட்டால் கையில் கொடுங்கள். என்ன நடந்தது என்று எளிய வார்த்தைகளில் சொல்லுங்கள். ஓரமாக வைத்து மூடிவிட்டுப் போகாதீர்கள்.

நீங்கள் பிரசவ அறையில் வேலை செய்பவராக இருந்தால், இன்று பணிக்குப் போனதும் பையைத் தேடுங்கள். பூட்டியிருந்தால் சாவியைக் கேட்டு எடுத்து வெளியே வையுங்கள். மாஸ்க் இரண்டு அளவு வேண்டும், மாதம் நிறைந்த குழந்தைக்கு ஒன்று, குறைமாதத்துக்குச் சின்னது. பயன்படுத்திய பையைப் பிரித்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கொதிக்கவைக்கக்கூடிய வகையாக இருந்தால் பத்து நிமிடம் கொதிக்கவைத்து உலரவிட்டு மாட்டுங்கள். மாட்டும்போது வால்வு தலைகீழாகப் போய்விடுவது சாதாரணமாக நடக்கும். அதனால் மாஸ்க்கை உள்ளங்கையில் இறுக்கமாக வைத்துப் பையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உள்ளங்கையில் அழுத்தம் தெரியவேண்டும், இன்னும் பலமாக அழுத்தினால் மேலே இருக்கும் வால்வு திறந்து காற்று வெளியேறும் சத்தம் கேட்கவேண்டும், கையை எடுத்ததும் பை தானே விரியவேண்டும். இதற்கு ஐந்து வினாடி ஆகும்.